மூன்றாண்டு நிதியில் காடு மீட்டெடுப்பு: விண்ணப்பத்தில் எதை உறுதியளிப்பது, பணத்தை எப்படிக் கையாள்வது?

சிறுகுழு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பதிவு பெற்ற ஒரு சிறிய அமைப்பு. ஊர்மக்களின் பயன்பாட்டு உரிமைக்கு உட்பட்ட ஏறத்தாழ 40 ஹெக்டேர் சிதைந்த காட்டை, அதை ஒட்டி எஞ்சியிருக்கும் நல்ல காட்டோடு மீண்டும் இணைப்பது எங்கள் நோக்கம். அந்த நிலத்தின் ஒரு பகுதியை உண்ணிச்செடி மூடிக்கிடக்கிறது. இன்னொரு பகுதி புல்வெளியாகிக் கோடைதோறும் தீப்பிடிக்கிறது. நல்ல காட்டை ஒட்டிய விளிம்பில் மட்டும் மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. எங்கள் நாற்றங்காலில் ஆண்டுக்கு 15,000 கன்றுகள் வரை வளர்க்க முடியும்.

இப்போது ஒரு பன்னாட்டு நிதி அமைப்பு மூன்றாண்டுத் திட்டங்களுக்கு விண்ணப்பம் கோரியுள்ளது. முதலில் இரண்டு பக்கக் கருத்துருவை அனுப்ப வேண்டும். அது தேர்வானால் விரிவான திட்ட அறிக்கையும் வரவு செலவுத் திட்டமும் கேட்பார்கள். படிவத்தின் முதல் கட்டமே "எத்தனை மரங்கள் நடப்படும்?" என்பதுதான். ஒரு லட்சம் என்று எழுதினால்தான் முதல் சுற்றைத் தாண்ட முடியும் என்று எங்கள் குழுவில் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை என்றாலும், மாற்றாக என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நட்ட பிறகு செய்ய வேண்டிய பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்குவது, மக்கள் தரும் உழைப்பை இணை நிதியாக (திட்டச் செலவில் எங்கள் தரப்புப் பங்காக) காட்ட முடியுமா, நிதி கிடைத்த பிறகு கணக்கையும் அறிக்கைகளையும் எந்த ஒழுங்கில் வைத்துக்கொள்வது ஆகியவற்றையும் அறிய விரும்புகிறேன். இத்தகைய நிதியை ஏற்கெனவே பெற்று நடத்தியவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நாற்றங்கால்

வணக்கம். உங்கள் குழுவினரின் அச்சம் புரிகிறது. ஆனால் ஒரு லட்சம் என்ற எண்ணை எழுதிவிட்டால், மூன்றாண்டுகளும் அந்த எண்ணுக்கு வேலை செய்வீர்களே தவிரக் காட்டுக்கு அல்ல. ஆண்டுக்கு 15,000 கன்றுகள் வளர்க்கக்கூடிய நாற்றங்காலை வைத்துக்கொண்டு அதை எட்ட வேண்டுமென்றால், கன்றுகளை வெளியே வாங்க வேண்டும். சந்தையில் மொத்தமாகக் கிடைப்பவை வேகமாக வளரும் ஓரிரு இனங்களே. அவற்றை நட்டு நிரப்பிய நிலம், பக்கத்திலிருக்கும் காட்டோடு எந்த வகையிலும் ஒட்டாது.

நட்ட எண்ணிக்கையை மட்டும் கொண்டாடுவதன் விளைவுக்குத் துருக்கியை எடுத்துக்கொள்ளலாம். 2019 நவம்பர் 11 அன்று அங்கு ஒரே நாளில் 1.1 கோடி கன்றுகள் நடப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் அவற்றில் பெரும்பாலானவை பட்டுப்போயிருக்கலாம் என்று வனத்துறைத் தொழிலாளர் சங்கம் கூற, அரசு அதை மறுத்தது. யார் சொன்னது சரி என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. நட்ட எண்ணிக்கை எல்லோருக்கும் தெரிந்திருந்தும் பிழைத்த எண்ணிக்கையில் இரு தரப்பும் முரண்பட்டன என்பதைத்தான் விண்ணப்பம் எழுதுபவர் கவனிக்க வேண்டும்.

பரப்பளவை முதன்மை இலக்காகக் கொள்ளுங்கள். இது உங்கள் தனிப்பட்ட விருப்பம் போலத் தோன்றிவிடும் என்று தயங்க வேண்டாம். சிதைந்த காடுகளையும் நிலங்களையும் மீட்பதற்காக 2011இல் தொடங்கிய பன்னாட்டு முயற்சியான பான் சவால் 2020க்குள் 15 கோடி ஹெக்டேர், 2030க்குள் 35 கோடி ஹெக்டேர் என்று ஹெக்டேரில்தான் இலக்கு வைத்தது. நிதி தருபவர்களில் பலர் தங்கள் மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவதும் பரப்பளவில்தான். படிவத்தில் மரம் கேட்டிருந்தாலும், கருத்துருவின் முதல் பத்தியில் "40 ஹெக்டேரில் காடு மீள்வதற்கான நிலைமைகளை உருவாக்குதல்" என்று நீங்கள் எழுதிவிட்டால், படிப்பவர் அதன் வழியாகவே மற்ற எண்களைப் பார்ப்பார்.

அடுத்து, எங்கே நட வேண்டும் என்பதை விட எங்கே நடக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். வெப்பமண்டல நாடுகளில் ஏறத்தாழ 21.5 கோடி ஹெக்டேர் நிலத்துக்கு இயற்கையாகவே காடாக மீளும் வாய்ப்பு இருப்பதாக 2024இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அந்த வாய்ப்பைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளில் ஒன்று அருகில் காடு இருப்பது. அது உங்களிடம் இருக்கிறது. விளிம்பில் தானாக முளைப்பவற்றைக் கணக்கிடாமல் அங்கே குழி தோண்டினால், இலவசமாகக் கிடைப்பதைக் காலில் மிதித்துவிட்டு, அதே இடத்தில் விலை கொடுத்து வாங்கியதை வைக்கிறீர்கள் என்று பொருள்.

கணக்கெடுப்பு எளிது. தாய்லாந்தில் சியாங் மாய் பல்கலைக்கழகத்தின் காடு மீட்டெடுப்பு ஆய்வுப் பிரிவு 1994 முதல் வளர்த்தெடுத்த முறையை நான் பயன்படுத்துகிறேன். அவர்கள் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் உருவான கட்டமைப்பு இனங்கள் முறையை (களையை நிழலால் அடக்கி, விதை பரப்பும் விலங்குகளை ஈர்க்கும் உள்ளூர் மர இனங்களை நடும் முறை) தங்கள் மலைக்காடுகளுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள். நிலத்தில் ஒரு முளையை அடித்து, 5 மீட்டர் கயிற்றைக் கட்டி ஒரு வட்டம் சுற்றுங்கள். அதற்குள் அரை மீட்டருக்கு மேல் வளர்ந்த கன்றுகள், துளிர்க்கும் அடிக்கட்டைகள், பெரிய மரங்கள் ஆகிய மூன்றையும் எண்ணுங்கள். புல்லை விலக்கி அடியில் பார்க்க வேண்டும். நின்றபடியே பார்த்தால் பாதி கண்ணில் படாது. வட்டத்தின் பரப்பு சுமார் 78.5 சதுர மீட்டர் என்பதால், சராசரியாக வட்டத்துக்கு 25 இருந்தால் ஹெக்டேருக்கு 3,100க்கு மேல் என்று ஆகிறது. 1.8 மீட்டர் இடைவெளியில் நட்டால் கிடைப்பதும் ஏறத்தாழ அதே அடர்த்திதான். அந்த அளவு இருக்கும் இடத்தில், போதிய இனவகைகளும் இருந்தால், நடவே வேண்டாம். களையைக் கட்டுப்படுத்தி, தீத்தடுப்புக் கோடு வெட்டி, கால்நடைகளைத் தடுத்தால் போதும். குறைவாக இருக்கும் இடத்தில் குறையும் அளவுக்கு மட்டும் நட வேண்டும். ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது பத்து வட்டங்களாவது போடுங்கள். விரிவான அறிக்கைக்கு உங்கள் தொடக்கநிலைக் கணக்கெடுப்பும் இதுவே ஆகிவிடும்.

காலக்கணக்கை விதையிலிருந்து தொடங்குங்கள். காட்டு மரங்கள் பலவற்றின் விதைகளை உலர்த்திச் சேமித்து வைக்க முடியாது. பழுத்த பருவத்தில் எடுத்து உடனே விதைக்க வேண்டும். சில இனங்கள் எல்லா ஆண்டும் காய்ப்பதில்லை. அதனால் முதலாண்டு மழையிலேயே நடவு என்று எழுதும் விண்ணப்பத்தை விவரம் தெரிந்தவர் படித்தால், கன்றுகள் எங்கிருந்து வரும் என்ற கேள்விதான் முதலில் எழும். முதலாண்டுக்கு உண்ணிச்செடி அகற்றல், தீத்தடுப்பு, விதை சேகரிப்பு, நாற்றங்கால் விரிவாக்கம் ஆகியவற்றை வைத்து, இரண்டாம் ஆண்டு மழையில் நடவை வையுங்கள்.

பேரேடு

மேலே நாற்றங்கால் அவர்கள் எழுதியதில் ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் ஏற்கிறேன். மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் சுற்றில் பல விண்ணப்பங்களை ஒரே அமர்வில் புரட்டும் மதிப்பீட்டாளர், முதலில் கட்டங்களைத்தான் ஒப்பிடுவார். மரங்களின் எண்ணிக்கைக்கான கட்டத்தில் விளக்கவுரை எழுதினால், படிவத்தை நிரப்பத் தெரியாதவர் என்ற எண்ணமே எஞ்சும். எண்ணை எழுதுங்கள், ஆனால் உங்கள் நாற்றங்கால் தாங்கும் எண்ணை எழுதி, அருகிலேயே "மூன்றாம் ஆண்டு இறுதியில் உயிருடன் இருப்பவை" என்றும், "இயற்கையாக முளைத்துப் பாதுகாக்கப்படுபவை" என்றும் இரண்டு எண்களைச் சேருங்கள். ஒரு லட்சம் என்று எழுதியவரிடம் இந்த இரண்டும் இருக்காது. அனுபவமுள்ள மதிப்பீட்டாளர் அந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வார். கண்டுகொள்ளாத நிதி அமைப்பிடம் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சிக்குவதைவிட முதல் சுற்றிலேயே விலகுவது நல்லது என்பது என் கருத்து.

இனி பணத்துக்கு வருகிறேன். வரவு செலவுத் திட்டத்தை "கன்று ஒன்றுக்கு இவ்வளவு" என்று பெருக்கிப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் களையெடுப்பு, தீக்காவல், கண்காணிப்பு எல்லாம் அந்த ஒற்றை எண்ணுக்குள் மறைந்துவிடும். பேச்சுவார்த்தையில் யாராவது குறைக்கச் சொன்னால் முதலில் வெட்டுப்படுவது அவைதான். வேலை வேலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆள்நாள், என்ன கூலி, எந்த மாதம் என்று எழுதுங்கள். நட்ட கன்றுகளுக்கு முதல் இரண்டு மழைக்காலங்களிலாவது பருவத்துக்கு மூன்று முறை களையெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், நடவு நாளின் செலவைவிடப் பராமரிப்பின் செலவு மிஞ்சி நிற்பது தாளிலேயே தெரியும். அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். மிஞ்சாத திட்டத்தில்தான் ஏதோ விடுபட்டிருக்கும்.

நிர்வாகச் செலவு பற்றிச் சிறிய அமைப்புகள் வெட்கப்படுவதை அடிக்கடி காண்கிறேன். கணக்காளர் ஊதியம், அலுவலக வாடகை, தணிக்கைக் கட்டணம் இல்லாமல் எந்தத் திட்டமும் நடக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அயல்நாட்டு உதவித் திட்டங்கள், நேரடிச் செலவில் 7 விழுக்காடு வரை மறைமுகச் செலவாக ஏற்கின்றன. அமெரிக்கக் கூட்டரசு நிதியில், தனி விகிதம் பேசி முடிவு செய்யாத அமைப்புகளுக்கான உச்ச அளவு 10 விழுக்காடாக இருந்து, 2024 அக்டோபர் முதல் 15 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. உங்கள் நிதி அமைப்பின் விதியில் உள்ள விகிதத்தை முழுமையாகக் கேளுங்கள். தணிக்கைக் கட்டணத்தை நேரடிச் செலவில் தனிச் செலவினமாகச் சேர்க்க அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மக்களின் உழைப்பை இணை நிதியாகக் காட்டலாம். பெரும்பாலான அமைப்புகள் ஏற்கின்றன. உலகச் சுற்றுச்சூழல் வசதி (GEF) என்ற பன்னாட்டு நிதியத்தின் சிறு நல்கைத் திட்டம், 1992 முதல் சிறு தொகைகளை நேரடியாக உள்ளூர் அமைப்புகளுக்கு வழங்கிவருவது. அங்கும் உழைப்பாகவும் பொருளாகவும் தரப்படும் பங்கு கணக்கில் கொள்ளப்படுகிறது. உங்களைப் போன்ற குழுக்கள் பெரிய அழைப்புகளுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய இடம் அது என்பதையும் இடையே சொல்லி வைக்கிறேன். ஆனால் இணை நிதியாக எழுதிய ஒவ்வொரு ஆள்நாளும் ஒரு கடன் போன்றது. ஒப்பந்தத்தில் எழுதிய அளவை நீங்கள் நிரூபிக்க முடியாவிட்டால், சில அமைப்புகள் தங்கள் பங்கையும் அதே விகிதத்தில் குறைத்துவிடும். ஆகவே வரப்போகும் உழைப்பில் உறுதியானதை மட்டும், அந்தப் பகுதியின் வழக்கமான கூலி விகிதத்தில் எழுதுங்கள்.

நிதி வந்த பிறகு ஒரு செலவுச் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். மற்றவை அதிலிருந்தே பின்தொடரும். களையெடுப்புக்கான சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் எந்தப் பகுதி, பகுதியின் எண் என்ன, எந்தத் தேதி, எத்தனை பேர், கூலி விகிதம், மொத்தம், வரவு செலவுத் திட்டத்தில் எந்தச் செலவினத்தின் கீழ் வருகிறது, யார் ஒப்புதல் அளித்தார் ஆகியவை இருக்க வேண்டும். அதனுடன் வருகைப் பட்டியலைக் கையொப்பங்களோடு இணைக்க வேண்டும். பணம் கொடுத்தவரும் ஒப்புதல் அளித்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அதே தேதியில், அதே பகுதி எண்ணோடு, களக்குறிப்பேட்டிலும் ஒரு பதிவு இருக்க வேண்டும். தணிக்கையாளர் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு களக்குறிப்பேட்டைத்தான் திறப்பார். இரண்டும் பொருந்தினால் அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார், பொருந்தாவிட்டால் அந்தச் செலவினத்தில் உள்ள அத்தனை சீட்டுகளையும் எடுப்பார்.

இந்த நிதிக்கென்று தனி வங்கிக் கணக்கோ, அதற்கு அனுமதி இல்லையென்றால் கணக்குப் பதிவில் தனிக் குறியீடோ கட்டாயம் வேண்டும். அயல்நாட்டு நிதியைப் பெறுவதற்கு முன்பதிவும் குறிப்பிட்ட வங்கிக் கணக்கும் வேண்டும் என்று சில நாடுகளின் சட்டம் சொல்கிறது. உங்கள் நாட்டில் அப்படி இருந்தால், கருத்துரு அனுப்பும் முன்பே அந்தப் பதிவு கையில் இருக்க வேண்டும். ஒரு செலவினத்திலிருந்து இன்னொரு செலவினத்துக்குப் பணத்தை மாற்றும் வரம்பு ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் வேறுபடும். வரம்புக்குள் இருந்தால் அறிக்கையில் தெரிவித்தால் போதும். வரம்பைத் தாண்டினால் முன் அனுமதி வேண்டும். அந்தப் பிரிவை ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நெருக்கடி தருவது தவணைதான். முதல் தவணையில் பெரும்பகுதியைச் செலவழித்து, அறிக்கை அனுப்பி, அது ஏற்கப்பட்ட பின்னரே இரண்டாம் தவணை வரும். அறிக்கையைப் படிக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் வாரங்கள் உங்கள் மழைக்காலத்தில் விழுந்தால், கன்றுகள் நாற்றங்காலில் வேர் சுருண்டு கிடக்க, நீங்கள் மின்னஞ்சலை எதிர்பார்த்துக் காத்திருப்பீர்கள். ஒப்பந்தப் பேச்சின்போதே மழைக்கால நாட்காட்டியை முன்வைத்து, அறிக்கை நாளை மழைக்குக் குறைந்தது நான்கு மாதம் முன்னதாக வைக்கக் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அது நிதியாண்டை ஒட்டி அமைந்துவிடுகிறது.

சிறுகுழு

இருவருக்கும் மிக்க நன்றி. வட்டக் கணக்கெடுப்பை இந்த வாரமே தொடங்கிவிட முடியும் என்று நினைக்கிறேன்.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. படிவத்தில் சமூகப் பாதுகாப்பு என்ற தலைப்பில், ஊர்மக்களின் முன்கூட்டிய, தகவலறிந்த ஒப்புதலுக்குச் சான்று கேட்கிறார்கள். எங்களிடம் ஊர்த்தலைவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று இருக்கிறது, அது போதுமா? கண்காணிப்புக் குறியீடுகளாக எவற்றை வைப்பது என்பதும் தெளிவாகவில்லை. எதிர்காலத்தில் கரிம வரவு (மரங்கள் ஈர்த்துச் சேமிக்கும் கரிமத்துக்கு ஈடாக விற்கப்படும் சான்று) விற்பனைக்கு வாய்ப்பு உண்டு என்று எழுதினால் விண்ணப்பம் வலுப்பெறும் என்று ஒருவர் ஆலோசனை கூறினார். அதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

களக்குறிப்பு

ஊர்த்தலைவரின் கடிதம் போதாது என்றே கருதுகிறேன். பழங்குடி மக்களின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் பிரகடனம் 2007இல் நிறைவேற்றப்பட்டது. அதற்குப் பின் பல நிதி அமைப்புகள் இந்த ஒப்புதலைத் தங்கள் பாதுகாப்பு விதிகளில் சேர்த்துள்ளன. ஒரு கையொப்பத்தைவிட அது எந்த நடைமுறையில் பெறப்பட்டது என்பதே அவர்களுக்கு முக்கியம். எந்த மொழியில் விளக்கினீர்கள், யார் யார் வந்திருந்தார்கள், என்ன எதிர்ப்பு எழுந்தது, அதற்காகத் திட்டத்தில் எதை மாற்றினீர்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்பனவற்றைக் கூட்டக் குறிப்பு காட்ட வேண்டும். எதிர்ப்பே இல்லாத கூட்டக் குறிப்பைப் படிக்கும் மதிப்பீட்டாளருக்கு ஐயம்தான் மிகும்.

குறிப்பாக, அந்த 40 ஹெக்டேரில் இப்போது விறகு எடுப்பவர் யார், ஆடு மாடு மேய்ப்பவர் யார் என்று பெயர் வாரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களில் பலர் கூட்டங்களுக்கு வராதவர்களாகவும், வந்தாலும் பேசாதவர்களாகவும் இருப்பார்கள். மேய்ச்சலைத் தடுப்பதாகத் திட்டத்தில் எழுதினால், அந்தக் கால்நடைகள் எங்கே போகும் என்பதற்கும் விடை எழுத வேண்டும். இல்லையெனில் வேலி போட்ட முதல் கோடையிலேயே அது பிடுங்கப்படும், தீயும் வைக்கப்படலாம். பகுதி பகுதியாக மூடி, கன்றுகள் கால்நடை எட்டாத உயரம் வளர்ந்ததும் திறந்துவிடும் சுழற்சி ஏற்பாட்டை ஊரிலேயே பேசி முடிவு செய்தால், அது உங்கள் ஒப்புதல் சான்றாகவும் இடர் மேலாண்மையாகவும் ஒருசேர அமையும். குறைகளைத் தெரிவிக்கும் வழியொன்றையும் சேருங்கள். உங்கள் அமைப்புக்கு எதிரான குறையை உங்களிடமே சொல்ல வேண்டிய நிலை இருக்கக் கூடாது.

கண்காணிப்புக்குச் சூழலியல் மீட்டெடுப்புச் சங்கம் 2019இல் வெளியிட்ட பன்னாட்டு நெறிமுறையின் இரண்டாம் பதிப்பு நல்ல அடித்தளம். அச்சுறுத்தல்கள் நீங்கியமை, மண் நீர் நிலைமைகள், இனக்கலவை, அடுக்கமைப்பு, சூழல்தொகுதியின் செயற்பாடு, சுற்றுப்புறத்தோடு உள்ள பரிமாற்றம் ஆகிய ஆறு கூறுகளில் ஒவ்வொன்றுக்கும் ஐந்து நட்சத்திர அளவுகோலை அது தருகிறது. ஆறையும் அளக்க முயலாதீர்கள். மூன்றாண்டில் கண்ணுக்குத் தெரியும்படி மாறக்கூடியவை தீயின் பரப்பும் களையின் பரப்பும் கன்றுகளின் அடர்த்தியும் இன எண்ணிக்கையும் விதானம் (மர உச்சிகளின் கூரை) மூடும் விழுக்காடும்தான். பறவைகள் கொண்டுவந்த விதைகளிலிருந்து முளைத்த புதிய இனங்கள் தென்பட்டால் அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடாத இனம் உங்கள் நிலத்தில் முளைப்பதைவிட வலுவான சான்றை நிதி அமைப்புகள் கேட்கும் எந்த லாக்ஃப்ரேம் அட்டவணையும் (இலக்குகளையும் குறியீடுகளையும் வரிசைப்படுத்தும் அட்டவணை) தராது.

ஒப்பிடுவதற்குச் சிறிய பகுதியொன்றை எதுவும் செய்யாமல் விட்டுவைப்பது அவசியம். அது இல்லாமல், மூன்றாண்டில் நிகழ்ந்த மாற்றம் உங்கள் உழைப்பால் வந்ததா, நல்ல மழையால் வந்ததா என்று கேட்டால் விடை சொல்ல முடியாது. அதேபோல் எஞ்சியிருக்கும் நல்ல காட்டிலும் சில வட்டங்களைப் போட்டு வைத்தால், எந்த நிலையை நோக்கிப் போகிறீர்கள் என்பது தெளிவாகும். நிழற்படங்களை நிலையான முளைகளில் நின்று, ஒரே திசையில், ஒரே மாதத்தில் எடுங்கள். மழைக்குப் பின் எடுத்த பச்சைப் படத்தைக் கோடையில் எடுத்த பழைய படத்தின் பக்கத்தில் வைப்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். உங்கள் அறிக்கை அந்த வரிசையில் சேர வேண்டாம்.

கரிம வரவு பற்றிய உங்கள் தயக்கம் சரியே. நல்கையால் ஏற்கெனவே முழுச் செலவும் ஈடுகட்டப்பட்ட வேலைக்கு, வரவு விற்கும் பணம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று நிறுவுவது கடினம். அதை நிறுவ முடியாவிட்டால் வரவும் இல்லை. பல பத்தாண்டுகளுக்குக் காடு நிலைக்கும் என்ற உறுதிமொழியையும் கேட்பார்கள். நிலம் ஊருடையது என்பதால் அந்த உறுதிமொழியை நீங்கள் தர முடியாது. நிதி அமைப்பே அந்தக் கரிமத்தைத் தன் கணக்கில் காட்ட உரிமை கோரும் பிரிவு சில ஒப்பந்தங்களில் இருக்கும், அதையும் பாருங்கள். விண்ணப்பத்தில் அந்த வரியை எழுதாமல் விடுவதே நல்லது.

தீயோ வறட்சியோ வந்து கன்றுகள் அழிந்தால், அடுத்த அறிக்கை நாள் வரை காத்திராமல் உடனே எழுத்தில் தெரிவியுங்கள். பரப்பை அளந்து, படத்தோடு, என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதினால், பெரும்பாலும் இலக்கைத் திருத்தவோ கூடுதல் நிதியின்றிக் காலத்தை நீட்டிக்கவோ இசைவார்கள். கால நீட்டிப்பைத் திட்டம் முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே கோர வேண்டும் என்று ஒப்பந்தங்கள் வழக்கமாகச் சொல்கின்றன. கடைசி வாரத்தில் கேட்டால், கொடுக்க மனமிருந்தாலும் அவர்களால் முடியாது.

சிறுகுழு

மிகத் தெளிவாயிற்று. கடைசியாக ஒன்று: மூன்றாம் ஆண்டுக்குப் பின் வரும் களையெடுப்புக்காகப் பணத்தில் ஒரு பகுதியை வைப்பாக வைத்துக்கொள்ள முடியுமா?

பேரேடு

பெரும்பாலும் முடியாது. ஒப்பந்தம் முடியும் நாளுக்குப் பின் செய்யும் செலவைப் பொதுவாக ஏற்க மாட்டார்கள். மீதியைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். வைப்பு நிதிக்கு வெளிப்படையான அனுமதி தரும் அமைப்புகள் மிகச் சிலவே. எனவே பணத்தை ஒத்திப்போடுவதற்கு மாறாக நடவை முன்னுக்கு நகர்த்துங்கள். மூன்றாம் ஆண்டில் புதிதாக எதையும் நடாதீர்கள். நட்டவை அனைத்தும் இரண்டு மழைக்காலப் பராமரிப்பை ஒப்பந்தக் காலத்துக்குள்ளேயே பெற்றுவிட வேண்டும். தீத்தடுப்புக் கோட்டை மட்டும் அதன் பின்னரும் ஆண்டுதோறும் வெட்ட வேண்டியிருக்கும். அந்தச் செலவை ஊர் ஏற்கும் என்ற தீர்மானம் இருந்தால் அதை நிலைத்தன்மை என்ற தலைப்பின் கீழ் இணையுங்கள்.

நாற்றங்கால்

அந்தக் கணக்கை உங்கள் எண்களிலேயே போட்டுப் பார்த்தேன். வட்டங்களில் சராசரியாக 8 கன்றுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 1,000. எட்ட வேண்டியது 3,100 என்றால், நட வேண்டியது ஹெக்டேருக்கு 2,100. இரண்டாம் ஆண்டில் மட்டும் நடுகிறீர்கள் என்பதால், கையில் இருப்பது 15,000 கன்றுகள். 6 ஹெக்டேருக்கு 12,600 போக, மீதி 2,400 நாற்றங்காலில் கழிபவைக்கும், மழை முடிவதற்குள் பட்டுப்போன இடங்களில் மாற்றி நடுவதற்கும் வேண்டும். 2 ஹெக்டேரை ஒப்பீட்டுக்காகத் தொடாமல் விட்டால், எஞ்சிய 32 ஹெக்டேரும் களை அகற்றித் தீயைத் தடுத்து இயற்கை மறுவளர்ச்சிக்குத் துணைநிற்கும் பகுதி. நட வேண்டிய 6 ஹெக்டேரை நல்ல காட்டிலிருந்து மிகத் தொலைவில் உள்ள புல்வெளியில், சிறு சிறு திட்டுகளாகத் தேர்ந்தெடுங்கள். பழந்தின்னிப் பறவைகள் வந்து அமர ஓரிடம் கிடைத்தால், இடைப்பட்ட நிலத்துக்கும் அவை விதை கொண்டுவரும். வட்டங்களில் வேறு சராசரி கிடைத்தால் பரப்பு மாறும். படிவத்தின் முதல் கட்டத்தில் கணக்கெடுப்புக்குப் பின் வரும் எண்ணையே எழுதுங்கள்.